லீவு நாளில் ஒரு சிவப்பு ஒயர்

"என்னங்க, இதென்ன ஒத்தை ஒயரு?"

குளியலறையிலிருந்து மனைவி கேட்டபோது நிதானம் கண்ணாடி முன்னால் நின்று புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். நேற்று கழற்றிப் போட்ட கம்பெனிச் சட்டையை ஊறவைக்கும் முன் அவள் பையைத் துழாவியிருக்கிறாள். கதவிடுக்கில் நீண்ட ஈரக் கையில் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு ஒயர். இரண்டு முனையிலும் பல் வைத்த கிளிப்.

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணுன்னா?"

"ரெண்டு இருக்கும். இடது பையில. எப்பவும் ரெண்டு."

"பையில இருந்தது இந்த ஒயரு, ஒரு பேனா மூடி, ஒரு பஸ் டிக்கெட். வேணும்னா டிக்கெட்டையும் ஒயரா நினைச்சுக்கங்க."

பொத்தானில் இருந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது.

நிதானம் என்பது அவன் பெற்றோர் வைத்த பெயரல்ல. லிஃப்ட் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் வைத்தது. ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு, முடுக்கியாயிற்றா என்று இன்னொரு முறை முடுக்கிப் பார்ப்பவன். "இவன் சோறு தின்னதும் வாய் இருக்கான்னு தொட்டுப் பாப்பான்டா" என்பார்கள். அப்படிப்பட்டவனின் பையில்தான் இன்று ஓர் ஒயர் குறைகிறது.

அந்த ஒயருக்கு அவர்கள் தொழிலில் ஜம்பர் என்று பெயர். லிஃப்ட்டின் எந்த மாடிக் கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் நகராது. ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்ன சுவிட்ச் இருந்துகொண்டு, 'நான் மூடியிருக்கேன், நீ போ' என்று மேலே மோட்டார் ரூமுக்குச் சொல்ல வேண்டும். எந்தக் கதவில் கோளாறு என்று தேடும்போது மட்டும் மெக்கானிக் அந்த ரூமில் உள்ள மின்பேனலுக்குள் இந்த ஒயரை மாட்டுவான். கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்று லிஃப்ட்டிடம் அது பொய் சொல்லும். கோளாறைக் கண்டுபிடித்ததும் முதல் வேலையாக ஒயரைக் கழற்றிப் பையில் போட வேண்டும். பையைத் தொட்டு, இரண்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பேனலை மூட வேண்டும்.

நேற்று அவன் பார்த்தது கண் ஆஸ்பத்திரி லிஃப்ட். பழைய மாடல். உள்கதவு தானாக மூடிக்கொள்ளும். வெளிக்கதவைக் கையால் இழுத்துத் திறக்க வேண்டும். மூன்றாவது மாடி வெளிக்கதவில் தகராறு. ஜம்பரை மாட்டி, ஓட்டிப் பார்த்து, சுவிட்சைச் சரிசெய்து, மோட்டார் ரூமுக்குத் திரும்பி வந்து, ஒயரைக் கழற்றக் கையை நீட்டினான். அப்போதுதான் போன் அடித்தது.

சூப்பர்வைசர். மெக்கானிக்குகள் மொழியில் கொக்கி. என்ன பேசினாலும் அதில் ஒன்றைப் பிடித்துத் தொங்குகிறவர் என்பதால் அந்தப் பெயர்.

ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் காலத்தில் இருந்த நிதானம் ஒரு வாரமாக அவரிடம் ஒரே ஒரு நாள் லீவு கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தான். சேரப்போகும் புது லிஃப்ட் கம்பெனியில் மெடிக்கல் செக்கப். அதை வெளியே சொல்ல முடியுமா? "மாமியார் பாத்ரூம்ல விழுந்துட்டாங்க சார்" என்று சொல்லி வைத்திருந்தான். மாமியார் கல்லுக்குண்டு மாதிரி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்தவன், அதுலயும் லீவு கேக்கிறான் பாரு!" என்று ஒரு வாரம் இழுத்தடித்த கொக்கி, நேற்று அந்த நேரத்தில்தான் இறங்கி வந்தார். "சரி, போய்த் தொலை. சாவி, போன், ஐ.டி. அட்டை மூணையும் ஆபீஸ்ல குடுத்துட்டுப் போ. நோட்டீஸ்ல இருக்கிறவன் லீவுன்னு போனா திரும்பி வருவான்னு என்ன நிச்சயம்?"

அந்த சந்தோஷத்தில் போனைப் பையில் போட்டான். பேனலை மூடினான். சீட்டியடித்தபடி இறங்கினான். சீட்டியடித்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒயரைக் கழற்றியது மட்டும் நினைவில் இல்லை.

ஸ்கூட்டர் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். பழைய பேன்ட், மதிய உணவுப் பை, கட்டிலடி. மனைவி கை துடைத்தபடி வந்து நின்றாள்.

"ஒரு முழ ஒயரு காணோம்னா மூஞ்சி எதுக்கு இப்படி வெளுக்குது? கடையில கிடைக்காதா?"

"அது அந்த லிஃப்ட்லயே இருக்கு. கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் கிளம்பிப் போயிடும்."

"போனா?"

போனால்! மூன்றாவது மாடி ஆபரேஷன் மாடி. அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஆபரேஷன் முடிந்த நோயாளியைக் கீழே கொண்டுபோக லிஃப்ட்டை வரவழைத்து, வெளிக்கதவை விரியத் திறந்து, அது மூடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போவார்கள். கதவு திறந்திருக்கும்வரை லிஃப்ட் எங்கும் போகாது என்பது அவர்கள் கணக்கு. பிறகு நோயாளியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவருவார்கள். வாசல்படி இடுக்கில் முன்சக்கரம் சிக்கும் என்பதால் நாற்காலியைத் தள்ள மாட்டார்கள்; பின்பக்கமாக இழுத்துக்கொண்டே லிஃப்ட்டுக்குள் போவார்கள்.

பின்பக்கமாக. முதுகைக் காட்டியபடி. லிஃப்ட் நிற்கிறது என்ற நம்பிக்கையில்.

அவன் மனைவியின் போனை வாங்கிக் கொக்கியை அழைத்தான்.

"என்னப்பா, மாமியாருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்ல சார். சார்... அந்தக் கண் ஆஸ்பத்திரி லிஃப்ட். இன்னிக்கு யாராவது அந்தப் பக்கம் போறாங்களா?"

"லீவுல இருக்கிறவனுக்கு லிஃப்ட் மேல என்ன திடீர்ப் பாசம்?"

"சும்மா, ஒரு தடவை மோட்டார் ரூமைத் திறந்து பாத்தா நல்லது..."

கொக்கி மாட்டிவிட்டது. குரல் தாழ்ந்தது. "அங்க எதையாவது வெச்சிட்டு வந்திருக்கியா?"

இந்தத் தொழிலில் என்ன தப்பு செய்தாலும் திட்டு வாங்கிக்கொண்டு தப்பிக்கலாம். ஜம்பரை மறந்தவனுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. அது தெரிந்தால் நோட்டீஸ் முடியும்வரைகூட வைத்திருக்க மாட்டார்கள். மெடிக்கல் செக்கப்புக்கு அவன் போய்ச் சேருவதற்குள் புதுக் கம்பெனிக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் எந்த லிஃப்ட் கம்பெனி வாசலையும் மிதிக்க முடியாது.

"இல்ல சார்" என்றான் நிதானம்.

"அப்ப மாமியாரைப் பாத்துக்கோ." வைத்துவிட்டார்.

கூடத்திலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். "எனக்கு என்ன மாப்ளே? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நீங்க விழுந்துட்டீங்க அத்தை. அப்புறம் சொல்றேன்."

"விழுந்தேனா? எப்போ?"

"அம்மா, சும்மா இரு!" மனைவி அவன் கையில் ஸ்கூட்டர் சாவியைத் திணித்தாள். "என் போனை எடுத்துட்டு ஓடுங்க. அம்மா போன்ல நான் ஆஸ்பத்திரியைப் பிடிக்கிறேன்."

மெடிக்கல் செக்கப் இடது பக்கம். கண் ஆஸ்பத்திரி வலது பக்கம். தெருமுனையில் வண்டி வலது பக்கம் திரும்பியது. எதிரில் ஆம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டு வந்தபோது, முடிந்தது, விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தான். ஆம்புலன்ஸ் வேறு பக்கம் போனது. ஹேண்டில்பாரில் கை வழுக்கியது. சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர், "ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

போன் அடித்தது. மனைவி.

"லிஃப்ட்டை ஓட்டாதீங்கன்னு சொல்லிட்டேங்க. ஆனா அந்த வரவேற்புப் பொண்ணு உங்க கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கா. 'லிஃப்ட் நேத்துதான் பாத்தது, தங்கமா ஓடுது. அந்த ஆளு வேலையை விட்டுட்டுப் போறவன், லீவுல உக்காந்துட்டு வம்பு பண்றான், கண்டுக்காதீங்க'ன்னு உங்க சூப்பர்வைசர் சொல்லிட்டாராம். நான் எவ்வளவோ சொன்னேன். வெச்சுட்டா."

லிஃப்ட் தங்கமாகத்தான் ஓடும். அதுதானே பயம்.

ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி வழக்கம்போல் சல்யூட் வைக்கவில்லை. கையைக் குறுக்கே நீட்டினான்.

"என்ன அண்ணே, கலர் சட்டையில?"

"மோட்டார் ரூம் சாவி உன்கிட்ட ஒண்ணு இருக்குமே, குடுப்பா. ஓடிப் போயிட்டு வந்துடறேன்."

"அட்டை?"

"ஆபீஸ்ல இருக்கு."

"தெரியும் அண்ணே. உங்க ஆபீஸ்ல இருந்து இப்பத்தான் சொன்னாங்க, உங்களை மேல விடக்கூடாதாம். நான் என்ன பண்ண?"

"சரி, சாவி வேணாம். சுவிட்ச் ரூம்ல லிஃப்ட் மெயினை மட்டும் அணைச்சிடு. கொஞ்ச நேரம்தான்."

"அணைச்சா மேல ஆபரேஷன் ஆனவங்களை யாரு தூக்கிட்டு வர்றது, நீங்களா? என்ன கோளாறுன்னு சொல்லுங்க, நான் மேனேஜர்கிட்டப் பேசறேன்."

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தைதான்.

"ஒண்ணுமில்ல. சின்ன... ஒரு சின்ன செக்கிங்."

"சின்ன செக்கிங்னா நாளைக்கு உங்க ஆளுங்க வரட்டும்."

வராந்தாவின் இரண்டு பக்கமும் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அப்பால் லிஃப்ட் கதவு. கதவுக்கு மேல் எண் எரிந்தது: மூன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று அணைந்து இரண்டு எரிந்தது.

யாரோ கீழிருந்து பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். லிஃப்ட் மூன்றாம் மாடியிலிருந்து கிளம்பிவிட்டது. அங்கே கதவு மூடியிருந்ததா, நாற்காலி முட்டுக் கொடுத்திருந்ததா? எண்ணுக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது.

செக்யூரிட்டியின் கைக்குக் கீழே குனிந்து புகுந்து படிக்கட்டில் பாய்ந்தான்.

"அண்ணே! அண்ணே, நில்லுங்க! என் வேலைக்கு உலை வெக்காதீங்க!"

முதல் மாடி. கதவு மூடியிருந்தது. இரண்டாவது மாடி. அதுவும் மூடியிருந்தது. மூச்சு நெஞ்சுக்குள் ரம்பமாய் அறுத்தது. புதுச் செருப்பு வழுக்கி முட்டி படியில் மோதியது, வலிக்கவில்லை. காதில் தன் இதயம் மட்டும் கேட்டது. அதற்கும் மேலே, எங்கிருந்தோ, ஒரு பெண் குரல் சாவகாசமாகப் பேசிக்கொண்டு வந்தது.

"பயப்படாதீங்க ஐயா. லிஃப்ட்டைப் பிடிச்சு வெச்சிருக்கேன். எங்கயும் போகாது."

மூன்றாவது மாடி.

வெளிக்கதவு விரியத் திறந்திருந்தது. நீல பிளாஸ்டிக் நாற்காலி அதை அணைத்துப் பிடித்திருந்தது. கதவுக்கு அப்பால் லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு இருந்தது. அந்த இருட்டில் எண்ணெய் மினுக்கும் கயிறுகள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

குண்டான வார்டு அம்மா ஒருத்தி சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்து வந்துகொண்டிருந்தாள். நாற்காலியில் ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர். அவள் முதுகுக்கும் இருட்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற தூரம்கூட இல்லை.

"நில்லுங்க!"

"ஷ்ஷ்!" என்றது எங்கோ ஒரு நர்ஸ் குரல்.

வார்டு அம்மா நிற்கவில்லை. சத்தம் வந்த பக்கம் முகத்தை மட்டும் திருப்பினாள். கால் பழக்கத்தில் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அவளை எட்டிப் பிடிக்க முடியாது. அருகில் இருந்தது பெரியவரின் நாற்காலிதான். நிதானம் குப்புற விழுந்தபடி அதன் கால்மிதியைப் பிடித்து, உடம்பில் இருந்த பலமெல்லாம் திரட்டித் தன் பக்கம் இழுத்தான்.

"ஐயோ, யாருய்யா அது இழுக்கிறது? ஆபரேஷன் பண்ண கண்ணு!" பெரியவர் அலறினார்.

"பைத்தியமா உனக்கு? விடுடா!" வார்டு அம்மா கைப்பிடியை விடாமல் தொங்கினாள். விடாமலிருந்ததால்தான் பிழைத்தாள். நாற்காலியோடு சேர்ந்து அவளும் இரண்டடி முன்னால் வந்து விழுந்தாள். அவள் ஒற்றைச் செருப்பு மட்டும் வாசல்படியில் நழுவி, விளிம்பில் ஒரு கணம் யோசித்து, உள்ளே போனது.

சற்றுக் கழித்துக் கீழே தட்டென்று ஒரு சத்தம் கேட்டது.

வார்டு அம்மா திரும்பிப் பார்த்தாள். திட்டுவதற்குத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. தரையில் உட்கார்ந்த நிலையிலேயே சுவர்வரை பின்னேறிப் போய், சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

நிதானம் நீல நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினான். வருஷக்கணக்காக நாற்காலி முட்டிக் கதவு கோணியிருந்தது. தாழ் விழும் என்று நம்ப முடியாது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முதுகைக் கதவில் அழுத்தி நின்றான்.

செக்யூரிட்டி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். கையில் போன், ஸ்பீக்கரில் கொக்கி. "அவனை வெளிய தள்ளுங்க சார்! லிஃப்ட்ல ஒரு கோளாறும் இல்ல. போற போக்குல கம்பெனிப் பேரைக் கெடுக்கப் பாக்கிறான்."

வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். இன்னும் தப்பிக்கலாம். கதவில்தான் கோளாறு, தற்செயலாக வந்தேன், காப்பாற்றினேன் என்று சொன்னால் மாலைகூடப் போடுவார்கள். ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் கயிறு மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அந்த அதிர்வு கதவு வழியாக எலும்பில் ஏறியது. லிஃப்ட் ஏதோ ஒரு மாடிக்கு ஆளேற்றப் போகிறது. அங்கே ஒரு கதவு இருக்கிறது. அங்கே அவன் இல்லை.

"சார்" என்றான். "பேனல்ல ஜம்பர் இருக்கு சார். நான்தான் மாட்டினேன். எடுக்க மறந்துட்டேன். காலையில நீங்க கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன்."

கொக்கியும் ஒருகாலத்தில் மெக்கானிக்காக இருந்தவர்தான். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. போனில் வந்த குரலில் நக்கல் பொட்டுக்கூட இல்லை.

"செக்யூரிட்டி! ஓடு. சுவிட்ச் ரூம், லிஃப்ட் மெயின். இப்பவே அடி! எல்லா மாடியிலயும் கதவுகிட்ட ஆளை நிறுத்தச் சொல்லு, ஒருத்தனும் கதவைத் தொடக்கூடாது. நான் பக்கத்துலதான் இருக்கேன், வர்றேன்."

செக்யூரிட்டி பறந்தான். நர்ஸ்கள் ஆளுக்கொரு மாடிக்கு ஓடினார்கள். நிதானம் கண்ணை மூடிக்கொண்டு அதிர்வைக் கேட்டான். ஓடியது. ஓடியது. இன்னும் ஓடியது. பிறகு ஒரு குலுக்கலோடு நின்றது.

எங்கும் அலறல் இல்லை. அந்த அமைதியை நம்பவே அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கதவுக்குப் பின்னால் கீழேயிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது. "யாராவது இருக்கீங்களா? லைட்டு போயிடுச்சு. யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேம்மா! லிஃப்ட் மெக்கானிக். மேல மூணாவது மாடியில நிக்கிறேன். உள்ள எத்தனை பேர்?"

"நானும் எங்க மாமாவும். அவருக்கு இப்ப கண்ணு தெரியாது, மருந்து விட்டிருக்கு. அறுந்து விழுந்துடுமா?"

"விழாதும்மா. கயிறெல்லாம் கெட்டி. நீங்க கதவைத் தொடாம, அவரை உக்காரவெச்சு நீங்களும் உக்காருங்க."

"தைரியம் சொல்றீங்க, உங்க குரலே நடுங்குதே!"

"நடுங்குதும்மா. எனக்குப் பயம். அதான் இங்க பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"விட்டுடாதீங்க" என்றாள் அந்தப் பெண். எதை என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

கொக்கி படியேறி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுவரோரம் இன்னும் எழாமல் கிடந்த வார்டு அம்மாவைப் பார்த்தார். அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். நிதானத்தை நேராகப் பார்க்காமல் பேசினார்.

"புதுக் கம்பெனிக்கு நானே போன் பண்ணுவேன். பண்ணாம இருக்க முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"உன் லீவும் முடிஞ்சது, நோட்டீஸும் முடிஞ்சது. நாளைக்கு வராதே."

"சரி சார்."

"ஆனா இப்பக் கதவை விட்டுடாதே."

மோட்டார் ரூம் படியில் அவர் காலடி ஏறியது. பூட்டு திறந்தது. பேனல் கதவு கிரீச்சிட்டது. அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. நிதானத்தின் விரல்கள் மரத்துப் போயிருந்தன. புதுக் கம்பெனியிலிருந்து வரும் அழைப்பாக இருக்கலாம், சட்டைப் பையில் மனைவியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கக் கையில்லை.

கரண்ட் இல்லாத லிஃப்ட்டைக் கையால் சக்கரம் சுற்றித்தான் நகர்த்த வேண்டும். சுற்றுவதற்கு முன் மேலே இருப்பவன் குரல் கொடுப்பான். கதவில் இருப்பவன் பதில் சொன்னால்தான் சக்கரம் சுழலும். லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குள் அது பேச்சுவழக்கமில்லை, உயிர்வழக்கம்.

மேலிருந்து கொக்கியின் குரல் லிஃப்ட் ஓடும் குழி முழுக்க எதிரொலித்து இறங்கியது.

"கதவுல யாரு?"

நிதானம் முதுகை இன்னும் அழுத்திக்கொண்டான்.

"கதவுல நான் சார்!"

"கெட்டியா?"

"கெட்டியா இருக்கேன் சார்!"

முதுகுக்குப் பின்னால் கயிறு, மெல்ல, மிக மெல்ல, ஒவ்வொரு விரற்கடையாக நகரத் தொடங்கியது.